திருவொற்றியூர் புல்லட்டும் கீரனூர்ப் பட்டறையும்

ஆயுத பூஜையை ஒட்டி நம் ஊர் மெக்கானிக்குகள் கொண்டுவரும் இம்மலருக்கு ஒரு வண்டியின் வரலாறு வேண்டும் என்றார்கள். எந்த வண்டி என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே இருக்கும் கீரனூரில், புல்லட் ஓட்டாதவருக்கும் புல்லட்டைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. ‘பழசுதான் புல்லட், இப்ப வர்றதெல்லாம் வேஷம்’ என்பது ஒரு கட்சி. ‘ஏறி உட்கார்ந்தா ஊர் போய்ச் சேரணும், அதுதானய்யா வண்டி’ என்பது மறு கட்சி. கால் நூற்றாண்டாகத் தீர்ப்பில்லாமல் நடக்கும் இந்த வழக்கின் கட்டை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ராயல் என்ஃபீல்டு, 1930களின் தொடக்கத்தில் ‘புல்லட்’ என்ற பெயரைச் சூட்டியது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் வைத்த 350 சி.சி. புல்லட் 1940களின் கடைசியில் வந்தது. நாம் ‘ஒரிஜினல்’ என்று கொண்டாடும் வண்டியே அப்படி ஒரு மறுவடிவமைப்பில் பிறந்ததுதான். அதை நம் ராணுவம் விரும்பி வாங்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1970ஐ ஒட்டி இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் பிரிட்டனுக்கே புல்லட்டைக் கப்பலேற்றியது சென்னை.

அந்தக் காலத்து வார்ப்பிரும்பு இன்ஜினுக்குப் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. பிஸ்டன் போய்வரும் தூரம் அதிகம், ஃப்ளைவீல் கனம். அதனால்தான் வண்டி நின்று நிதானித்து ‘டப்… டப்…’ என்று பேசியது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரல் பிடிக்கத் தனியாக ஒரு மிதி.

கிளப்புவதற்கும் ஒரு கணக்கு இருந்தது. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், ஓரிடத்தில் கால் இறங்காமல் நிற்கும். டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும். ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்ப் மீட்டரில் முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது என்று பொருள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உடம்பின் கனத்தோடு ஒரே மிதி. முள்ளைப் பார்க்காமல் மிதித்தவனைக் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். பழைய கட்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வதும், புதிய கட்சிக்காரர்கள் ‘வேண்டாம் சாமி’ என்று கும்பிடுவதும் இந்த ஒரு மிதியைத்தான்.

1994இல் நிறுவனம் ஐஷர் கைக்குப் போனது. 2000ஐ ஒட்டி மாத விற்பனை ஏறத்தாழ 2,000 வண்டிகளாகச் சுருங்கியது; ஜெய்ப்பூர் ஆலை மூடப்பட்டது. ஆயில் ஒழுகல், வயரிங் கோளாறு, கிக்கர் பயம் என்று புது ஆட்கள் ஒதுங்கினார்கள். மாற்றினால் பழைய ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். இந்த இக்கட்டில் நிறுவனம் எடுத்த முடிவு, உள்ளே மாற்று, வெளியே கை வைக்காதே என்பதுதான். ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். உதவியோடு அலுமினிய இன்ஜின் வந்தது. பிறகு இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய யூ.சி.இ. வந்தது. 2009இல் அது கிளாசிக் மாடலில் ஏறி, அடுத்து புல்லட்டுக்கும் வந்தது. டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் தேவையில்லாமல் போயிற்று. புல்லட்டிலும் கியர் இடது காலுக்கு மாறியது. வலது காலில் பழகியவர்கள் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தார்கள்.

அடுத்து வந்த மாற்றங்களில் சட்டத்தின் கையும் இருந்தது. 2019இல் ஏ.பி.எஸ். கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் கார்புரேட்டர் விடைபெற்றது. 2023 செப்டம்பரில் வந்த புல்லட் 350இல் ஃபிரேமே புதிது. 72 மி.மீ. போர், 85.8 மி.மீ. ஸ்ட்ரோக், 349 சி.சி.; அதிர்வை அடக்க பேலன்சர் ஷாஃப்ட்; கிக்கர் கிடையாது. ஆனால் ஹெட்லைட்டின் இருபுறமும் இரண்டு சின்ன பைலட் லாம்புகள் அப்படியே இருக்கின்றன.

கட்டைப் பிரித்துப் பார்த்தால் இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. முணுமுணுத்த பழைய ரசிகர்கள் இல்லாதிருந்தால் அந்த முகம் எப்போதோ போயிருக்கும். துணிந்து இன்ஜினை மாற்றியிருக்காவிட்டால் இன்று முகத்தைத் தாங்க வண்டியே இருந்திருக்காது. ஆனால் சத்தத்தையும் தோற்றத்தையும் பற்றியே பேசும் இருவரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: கோளாறு பார்க்கும் முறை. பழைய வண்டி வழியில் நின்றால் உப்புத்தாளும் ஃபீலர் கேஜும் ஒரு பிளக் ஸ்பேனரும் போதும். நார்த்தாமலை ரோட்டில் புளியமரத்தடியிலேயே பாயிண்டைத் தேய்த்துக் கிளப்பிவிடலாம். இப்போதைய வண்டி வழியில் நிற்பது குறைவு. நின்றாலோ, ஸ்கேனரை மாட்டிக் கோட் பார்த்தால்தான் எங்கே கோளாறு என்று தெரியும்.

பழைய வண்டி வைத்திருப்பவருக்குச் சத்தத்தைக் கேட்டே டேப்பட் இடைவெளி சொல்லும் ஆள் வேண்டும். புதிய வண்டிக்காரருக்கு சென்சார் தெரிந்த ஆள் வேண்டும். நம் ஊரில் முதலாவது வகையினருக்கு வயதாகிறது, இரண்டாவது வகையினர் இப்போதுதான் வருகிறார்கள். ஆகவே மலர்க் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பூஜைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வையுங்கள். மூத்தவர்கள் பாயிண்ட் செட்டிங் சொல்லிக்கொடுக்கட்டும், இளைஞர்கள் ஸ்கேனரைக் காட்டிக்கொடுக்கட்டும். கட்சி பிரிந்து பேச அதற்குப் பிறகும் டீக்கடை பெஞ்சு இருக்கிறது.