சோறு கொதித்த பிறகும்

இலக்கிய உரை கேட்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் குசினிக்காரன், சோற்றில் இருந்துதான் தொடங்கத் தெரியும்.

இன்டர்லாக்கனில் நான் முதலில் வேலை செய்த உணவகத்தில், இரவு மிஞ்சிய சோற்றை அண்டாவோடு மேசையில் விட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் தாளித்துப் பரிமாறினோம். சாப்பிட்ட சிலர் சில மணி நேரத்தில் வாந்தி எடுத்தார்கள். "கொதித்த சோறுதானே, திரும்பவும் சூடாக்கினோமே" என்று அடித்துப் பேசியவன் நான்தான்.

அதற்கான பழைய பதில் எங்கள் ஜன்னலில் தெரியும் யுங்ஃபிராவ் மலைக்குப் பின்னால் கிடக்கிறது. மறுபக்கம் இறங்கும் அலெட்ச் பனியாற்றின் மேலே பெல்ஆல்ப் என்றொரு மேய்ச்சல் மேடு. 1877இல் அயர்லாந்துக்காரரான இயற்பியலாளர் ஜோன் டின்டால், லண்டனில் இருந்து 60 குடுவைகளை அங்கே கொண்டுபோனார். மாட்டிறைச்சி, வெள்ளரிக்காய் முதலியவற்றின் சாறு, கொதிக்கவைத்து மூடியது. வழியில் சில உடைந்தன. 23ஐ உலர்புல் அடுக்கிய பரணில் திறந்தார், 27ஐப் பனியாற்றைப் பார்த்த பாறை விளிம்பில். மூன்று நாளில் பரணில் திறந்தவற்றுள் 21 கலங்கிப்போயின. பாறையில் திறந்தவற்றில் ஒன்றுகூடக் கெடவில்லை.

லண்டனிலும் பழைய உலர்புல்லோடு அவர் மல்லுக்கட்டியவர்தான். மணிக்கணக்காகக் கொதித்தும் அதன் சாறு கெட்டது. 1876இல் பிரெஸ்லவ் நகரில் பேர்டினன்ட் கோன் காரணத்தைக் காட்டியிருந்தார்: அந்தக் கிருமி தன் உடலுக்குள் வித்தொன்றை உண்டாக்குகிறது, கொதிநீர் அதைக் கொல்லாது. டின்டாலின் வழி சமையல்காரன் மூளையில் உதித்ததுபோல் இருக்கும். சூடாக்கு, ஆறவிடு, வித்து முளைக்கட்டும், முளைத்ததை மறுபடி சூடாக்கு.

வித்து எப்படி உண்டாகிறது என்பது மரபணுக் காலத்துக் கதை. 1969இல் ரிச்சர்ட் லோசிக்கும் ஏப்ரகாம் சொனென்ஷைனும், வித்தாகும் கிருமியில் மரபணுக்களைப் படிக்கும் நொதியின் தெரிவே மாறிவிடுவதைக் கண்டார்கள். எதைப் படிப்பது என்று அந்த நொதிக்குச் சொல்லும் புரதங்களுக்கு சிக்மா என்று பெயர்.

பசி வந்ததும் ஒரு பொஸ்பேற்று, கைமாறும் கடிதம்போலப் புரதம் புரதமாகக் கடந்து, எஸ்பிஓ0ஏ என்ற புரதத்தில் போய்ச் சேர்கிறது. 1991இல் ஜேம்ஸ் ஹோக் குழுவினர் காட்டியது இது. பிறகு உயிரணு நடுவில் இல்லாமல் ஓரமாகச் சுவர் எழுப்பும். இரு அறையிலும் ஒரே மரபணுக்கள், ஆனால் சிறிய அறையில் சிக்மா-எஃப் விழிக்கிறது. அது சுவரைத் தாண்டிக் குரல் கொடுத்த பிறகே பெரிய அறையில் சிக்மா-ஈ விழிக்கும். பெரியது சிறியதை விழுங்கி, மேலே அடுக்கடுக்காகத் தோல் போர்த்துகிறது. அதற்கு அறிவியலில் தாயணு என்றே பெயர். வேலை முடிந்ததும் அது வெடித்துச் சாகும். இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எங்கள் சோற்றில் இருந்தது உலர்புல் கிருமியின் ஒன்றுவிட்ட உறவு, பஸிலஸ் சீரியஸ். மண்ணில் இருந்து அரிசிக்கு வந்த வித்து. கொதியைத் தாண்டி, இளஞ்சூட்டில் முளைத்து, நஞ்சைச் சுரந்துவிடும். அந்த நஞ்சு தாளிப்பிலும் அழியாது. இப்போது சோறு வடித்த கையோடு அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.