வேண்டாம் என்னும் விடை: மென்பொருள் ஒட்டுகளின் வரலாறு

கிழிந்த துணியின்மீது வேறொரு துண்டை வைத்துத் தைப்பதை ஒட்டுப்போடுதல் என்கிறோம். மென்பொருளின் பிழைதிருத்தத்தை ஆங்கிலத்தில் 'பேட்ச்' என்று சொல்வதும் அதே பொருளில்தான். கணினியின் தொடக்க காலத்தில் இது வெறும் உவமையாக இருக்கவில்லை. 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக்கு வந்த மார்க் 1 கணினி, துளையிட்ட தாள் நாடாவிலிருந்து தன் கட்டளைகளைப் படித்தது. பிழையான துளைகளை மூட, அவற்றின்மேல் மெய்யாகவே தாள் துண்டுகளை ஒட்டினர். ஒட்டியவர்கள் அக்கணினியை இயக்கியவர்களே. அவர்கள் அறியாமல் எந்த ஒட்டும் வந்து சேர வழியில்லை.

இன்றோ, நம் கைப்பேசி நாள்தோறும் 'புதுப்பிப்பு வந்துள்ளது' என்று கதவைத் தட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில் ஒட்டுப்போடும் கை இடம் மாறியது எவ்வாறு?

1998இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 98 உடன் 'விண்டோஸ் அப்டேட்' வசதியைத் தந்தது. வேண்டுவோர் இணையத்திற்குச் சென்று திருத்தங்களைப் பெறலாம். 2000இல் வந்த விண்டோஸ் மீ பதிப்பில் அவை தாமாகவே வந்திறங்கும் ஏற்பாடு தோன்றியது. ஆயினும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. அதன் விளைவு 2003இல் தெரிந்தது. அவ்வாண்டு ஜூலை 16 அன்று வெளியான ஒரு திருத்தத்தை நிறுவாத கணினிகளை, ஆகஸ்டு மாதம் 'பிளாஸ்டர்' என்னும் புழு உலகெங்கும் தாக்கியது. ஒட்டு இருந்தது, போட்டுக்கொள்வார் இல்லை. 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, தானியங்கிப் புதுப்பிப்பை ஏற்குமாறு பயனரை வற்புறுத்தியது. நினைவூட்டும் அறிவிப்புகள் பெருகியதற்கு இவ்வாறு நியாயமான காரணமும் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

கைப்பேசியிலும் கதை இவ்வாறே நகர்ந்தது. 2007இல் வந்த முதல் ஐபோனைப் புதுப்பிக்க, அதைக் கம்பியால் கணினியோடு இணைக்க வேண்டியிருந்தது. 2008இல் வெளியான முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியான ஜி1, புதுப்பிப்பை வானலை வழியே பெற்றது. 2011இல் ஐஓஎஸ் 5 உடன் ஐபோனும் அவ்வழியை மேற்கொண்டது. தேடிச் சென்று பெற்ற பொருள், தேடி வரும் பொருளாயிற்று. 'இப்போது நிறுவுக', 'பிறகு நினைவூட்டுக' என்னும் இரண்டே விடைகள் பல திரைகளில் தோன்றின. 'வேண்டாம்' என்னும் மூன்றாம் விடையைக் காணோம்.

அந்த விடையின் தேவையை இத்தாலி உணர்த்தியது. ஐபோன் 6 வைத்திருந்தோரிடம் ஐபோன் 7க்கென உருவான ஐஓஎஸ் 10ஐயும், கேலக்ஸி நோட் 4 வைத்திருந்தோரிடம் நோட் 7க்கென அமைந்த ஆண்ட்ராய்டு பதிப்பையும் நிறுவுமாறு விடாது வற்புறுத்தினர். அதனால் நேரக்கூடிய கோளாறுகளைச் சொல்லவில்லை. இவ்வாறு கண்டறிந்த இத்தாலியப் போட்டி ஆணையம், 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்கிற்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் விதித்தது.

நிற்க. மறுப்பதற்கும் விலை உண்டு. 2017 மார்ச்சு 14 அன்று வெளியான திருத்தத்தை ஏற்காத கணினிகளே, அவ்வாண்டு மே 12 அன்று பரவிய 'வன்னாகிரை' தாக்குதலில் சிக்கின. பிரித்தானிய மருத்துவமனைகளின் பணிகள் முடங்கின. ஆகவே சிக்கலின் வேர், காப்புக்கான ஒட்டையும் தோற்றத்தை மாற்றும் புதுச்சட்டையையும் ஒரே மூட்டையில் கட்டித் தருவதே. 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது, ஐஓஎஸ் 14இலேயே தங்கிக் காப்புத் திருத்தங்களை மட்டும் பெறலாம் என ஆப்பிள் இசைந்தது. 2022 ஜனவரியில் அந்த வாயிலும் அடைபட்டது.

இனி, தொல்லை தாளாத அன்பர்களுக்கு. ஆண்ட்ராய்டு 8 (2017) முதல், ஒரு செயலியின் அறிவிப்புகளை வகைவகையாக நிறுத்தலாம். அறிவிப்பை அழுத்திப் பிடித்தால் அதற்குரிய பொத்தான் தோன்றும்; எனினும் சில கைப்பேசிகள் புதுப்பிப்பு அறிவிப்பை நிறுத்த இசைவதில்லை. ஐபோனில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' பகுதிக்குச் சென்று தானியங்கிப் புதுப்பிப்பை அணைக்கலாம். முன்பே வந்திறங்கிய கோப்பைச் சேமிப்பகப் பட்டியலிலிருந்து நீக்கினால், மீண்டும் இறங்கும்வரை நச்சரிப்பு ஓயும்.

ஆனால் அறிவிப்பை நிறுத்தியவர், மாதம் ஒருமுறையேனும் தாமாகச் சென்று காப்புத் திருத்தம் வந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். மார்க் 1 நாடாவில் ஒட்டுப்போட்டவர்கள், எங்கே கிழிசல் என்று தாங்களே தேடிப் பார்த்தவர்கள். உரிமையை மீட்க விரும்புவோர் அந்த உழைப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.