லைலா: பெயரும் குரலும்

லைலா என்றதும் கூடவே மஜ்னூனும் வந்துவிடுகிறான். தனியே நிற்க விடப்படாத பெயர் அது.

அரபியில் 'லைல்' என்றால் இரவு. ரம்ஜான் மாதத்து லைலத்துல் கத்ரில் வருவதும் இதே சொல்தான். நீண்டு கறுத்த இரவை அழுத்திச் சொல்வது லைலா. மதுவின் முதல் கிறக்கத்துக்கும் அது பெயர் என்று பழைய அகராதிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மஜ்னூன் கதை 7-ம் நூற்றாண்டின் பனூ ஆமிர் குலத்தில் நடப்பது. மஜ்னூன் என்றால் பித்தன், இயற்பெயர் கைஸ். லைலாவைக் காதலித்ததற்காக அவனுக்குப் பெண் மறுக்கப்படவில்லை. அவள் பெயரைக் கவிதையில் வைத்து ஊரறியப் பாடிவிட்டான் என்பதற்காக மறுத்தார்கள். அகத்திணையில் யார் பெயரையும் சுட்டலாகாது என்று விதி செய்துகொண்ட நமக்கு இந்தக் குற்றம் புரியும்.

கைஸ் என்று ஒருவன் இருந்தானா என்பதே சந்தேகம். 10-ம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்பஹானி தொகுத்த 'கிதாபுல் அகானி', அவன் வெறும் கற்பனை என்பாரின் கூற்றுகளையும் பதிந்து வைத்திருக்கிறது. 1188-ல் நிஜாமி பாரசீகத்தில் காவியம் செய்தபின் அதையெல்லாம் கேட்பாரில்லை. சூஃபிகளிடம் லைலா இறைவனுக்குக் குறியீடானாள். பெண் கரைந்து, இரவு மிஞ்சிற்று.

அதே நூற்றாண்டில், அதே பெருங்குலத்தின் வேறொரு கிளையில் இன்னொரு லைலா இருந்தாள். லைலா அல் அக்யலிய்யா. கவி. தவ்பா என்பவன் இவளைக் காதலித்துப் பாடினான். தகப்பன் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்தான் என்கிறது மரபு. இதுவரை அதே கதை. தவ்பா சண்டையில் கொல்லப்பட்டபோது கதை திரும்புகிறது. அவனுக்காக இவள் கையறுநிலைப் பாடல்கள் கட்டினாள். பெயர் சொல்லி அழைக்கப்படுகிறவன் இப்போது ஆண். நாபிகா அல் ஜஅதி என்ற கவியோடு வசைப்பாட்டில் மோதியவளும் இவள்தான். தவ்பா உன்னிடம் எதைக் கண்டான் என்று கலீபா அப்துல் மலிக் (685–705) கேட்டாராம். உங்களைக் கலீபாவாக்கியபோது ஜனங்கள் உங்களிடம் எதைக் கண்டார்களோ அதைத்தான் என்றாளாம்.

அகானியில் இருவருக்கும் இடமுண்டு. பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் உருதுவுக்கும், பிறகு நம் சினிமாவுக்கும் பயணம் செய்தவள் பாடப்பட்ட லைலா. பாடிய லைலா அரபியிலேயே தங்கிவிட்டாள். கவிதையை நாம் எங்கிருந்து எங்கே மொழிபெயர்க்கிறோம் என்பதைவிட, யாரை விட்டுவிட்டு மொழிபெயர்க்கிறோம் என்பதே என்னை உறுத்துகிறது.