விசித்ராவின் மாலைகள்: பேச்சை யார் காத்தார்?

கொல்கத்தாவின் ஜோராசாங்கோ தாகூர் இல்லம் இன்று ஓர் அருங்காட்சியகம். இரவீந்திரநாதர் பிறந்ததும், 1941 ஆகஸ்ட் 7 அன்று மறைந்ததும் அங்கேதான். வருவோர் அறைகளையும் ஓவியங்களையும் நிழற்படங்களையும் பார்த்துத் திரும்புகின்றனர். அருங்காட்சியகமாவதற்கு நெடுங்காலம் முன்பே அவ்வளாகம் ஓவியமும் இசையும் உரையாடலும் ஒருங்கே நிகழ்ந்த மாலைக்கூடமாக இருந்தது. அம்மாலைகளில் பேசப்பட்டது எதன் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்பது கலை வரலாற்றில் அதிகம் எழுப்பப்படாத வினா.

வளாகத்தில் இரு வீடுகள் இருந்தன. ஆறாம் எண் வீடு இரவீந்திரநாதரின் தந்தை தேவேந்திரநாதர் வழியினருடையது. ஐந்தாம் எண் வீட்டில் ககனேந்திரநாதர், சமரேந்திரநாதர், அவனீந்திரநாதர் என்னும் சகோதரர் மூவர் வாழ்ந்தனர். ஐந்தாம் எண் வீட்டுக்கு வழங்கிய பெயர் 'பைட்டக்கானா வீடு'. 'பைட்டக்' என்பது அமர்தலைக் குறிக்கும் இந்தியச் சொல். 'கானா' என்பது இடத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். அமர்ந்து பேசுதற்கான இடம் என்பதே அப்பெயரின் பொருள். அவ்வீட்டின் தெற்குத் தாழ்வாரத்தில் சகோதரர்கள் ஓவியம் தீட்டிக்கொண்டிருக்க, வந்தவர்கள் அருகமர்ந்து பேசிக்கொண்டிருப்பர். 1903இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர் யோகோயாமா தைக்கான் வண்ணம் தீட்டும் விதத்தை அருகிருந்து கண்ட பின்னரே, தாளை நீரில் நனைத்து வண்ணத்தை மென்மையாக்கும் தம் முறையை அவனீந்திரநாதர் வகுத்துக்கொண்டார். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் அவ்வீட்டின் விருந்தினராக இருந்தவர். பாடத்திட்டமோ மேடையோ இல்லாத இத்தகைய சந்திப்புகளில்தான் நவீன இந்திய ஓவியத்தின் ஒரு கிளை உருவெடுத்தது.

கூடிப் பேசுவதற்கு அக்குடும்பத்தார் அவ்வப்போது பெயரும் சூட்டினர். 1890களில் 'காம்கேயாலி சபா' நடந்தது. 'மனம்போன போக்கினர் சபை' என அதனைத் தமிழாக்கலாம். எழுதியதை வாசித்தல், பாடல், விருந்து ஆகியவை அதன் நிகழ்ச்சிகள். இரவீந்திரநாதர் பாட, அவனீந்திரநாதர் எஸ்ராஜ் வாசித்தார்.

1915ஆம் ஆண்டளவில் தோன்றியது 'விசித்ரா'. இன்றைய தமிழில் விசித்திரம் என்றால் வினோதம். வங்காளத்திலோ பல நிறமும் பல வகையும் கொண்டது என்னும் வடமொழி மூலப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. மண்டகப்பட்டுக் கல்வெட்டில் மகேந்திரவர்மன் 'விசித்திரசித்தன்' எனப்படுவதும் அப்பொருளோடு தொடர்புடையதே. பெயருக்கேற்பவே அமைப்பும் இருந்தது. பகலில் அது ஓவியக்கூடம். நந்தலால் போஸ், அசித்குமார் ஹால்தார், முகுல் டே போன்றோர் அதில் பணிபுரிந்தனர். 1916இன் இறுதியில் ஜப்பானிலிருந்து வந்த அராய் கம்போ தம் நாட்டுத் தூரிகை முறையைக் கற்பித்தார். மாலையில் அதுவே வாசிப்பும் இசையும் நாடகமும் நிகழும் அவையாயிற்று.

அவ்வவையின் உச்சம் 'டாக்கர்' நாடகம். 1917இன் இறுதியில் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, காந்தி, திலகர், மாளவியா, அன்னி பெசன்ட் ஆகியோர் விசித்ரா கூடத்தில் அதனைக் கண்டனர். ஓவியர்களே அரங்கை அமைத்தனர்; இரவீந்திரநாதரும் அவனீந்திரநாதரும் நடித்தனர். அரசியல் தலைவர்களைப் பெரும் பந்தலுக்கு அழைக்காமல் ஒரு வீட்டின் கூடத்தில் அமர்த்தி, நோயுற்ற சிறுவன் ஒருவனின் கதையைக் காணச் செய்தது அக்காலத்து அரிய நிகழ்வு.

விசித்ரா சில ஆண்டுகளே நீடித்தது. இரவீந்திரநாதரின் கவனம் சாந்திநிகேதன் பக்கம் திரும்பியது. 1919இல் அங்குக் கலாபவனம் தோன்றியது. நந்தலாலும் அங்குச் சென்றார். 1941இல் அவனீந்திரநாதர் ஐந்தாம் எண் வீட்டை விட்டு வெளியேறினார். கைமாறிய அவ்வீடு பின்னர் இடிக்கப்பட்டது. தெற்குத் தாழ்வாரம் இன்று இல்லை.

ஆயினும் அத்தாழ்வாரத்தைப் பற்றி நாம் அறிவோம். காரணம், ராணி சந்தா. சாந்திநிகேதனில் பயின்ற ஓவியரான அவர், முதுமையில் அவனீந்திரநாதர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதினார். அவ்வாறு உருவானவையே 1941இல் வெளிவந்த 'கரோயா'வும், பின்னர் வந்த 'ஜோராசாங்கோர் தாரே'யும். ஏட்டுநடைக்கு மாற்றாமல் பேச்சின் சாயலை அப்படியே விட்டுவைத்தது அவருடைய பெருஞ்செயல். 'கரோயா'வின் கையெழுத்துப்படியைத் தம் இறுதி மாதங்களில் கண்டு மகிழ்ந்தவர்களுள் இரவீந்திரநாதரும் ஒருவர். இசைக்கும் இத்தகைய ஒரு செவி வாய்த்தது. தாமே அமைத்த மெட்டை மறந்துவிடும் இயல்புடைய இரவீந்திரநாதரின் பாடல்கள் பலவற்றைக் கேட்டுச் சுரப்படுத்தியவர் அவருடைய உறவினர் தினேந்திரநாதர்.

பதிவானது கூடியவர்களின் முழுக் குரலன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சகோதரர்கள் தீட்டுவதைப் பார்த்தே, முறையான பயிற்சியின்றி ஓவியரானவர் அவர்களின் தங்கை சுனயனி தேவி. தாழ்வாரத்தில் ஆண்கள் பேசியது நூலாயிற்று. அந்தப்புரத்தில் அவர் கண்டதும் எண்ணியதும், அவருடைய ஓவியங்களில் எஞ்சிய அளவன்றி, பெரிதும் காற்றோடு போயின. எந்தப் பேச்சைக் கேட்க ஒருவர் எழுதுகோலுடன் அமர்ந்தார் என்பதே பின்னாளில் எது வரலாறாகும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

இன்று நகரங்களின் அருங்காட்சியகங்கள் கலை, இசை, உரையாடல் என மாலைநேரச் சந்திப்புகளை நடத்துகின்றன. மூடும் வேளைக்குப் பின் விளக்கேற்றிக் காட்சிக்கூடத்தைப் பேசுமிடமாக்குவது வரவேற்கத்தக்கதே. நிகழ்ச்சி முடிந்ததும் எஞ்சுபவை அழைப்பிதழும் நிழற்படங்களுமே என்றால், ஜோராசாங்கோ கற்பித்த பாடம் மறக்கப்பட்டதாகும். பொருளைக் காக்கக் காப்பாட்சியர் இருக்கிறார். பேச்சைக் காக்கவும் ஒருவர் வேண்டும். அவர் மேடையில் இருப்பவரை மட்டுமன்றிப் பின்வரிசையில் அமர்ந்திருப்பவரையும் கேட்பவராக இருத்தல் வேண்டும்.