அழும் மதலையும் அபின் குளிகையும்

பம்பாய் நகரத்துப் பரேல், லால்பாக் பகுதிகளில், ஆலைச் சங்கொலி கேட்டுக் கண் விழித்த குடும்பங்கள் ஒரு காலத்தில் பல்லாயிரம். அங்குள்ள ஒற்றையறைக் குடியிருப்புகளிலிருந்து விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட்ட தாய்மார், கைக்குழந்தையின் வாயில் ஒரு சிறு குளிகையை இட்டுச் செல்வது வழக்கமாக இருந்தது. 'பாலகோலி' என்பது அதன் பெயர். குழந்தைக் குளிகை என்பது பொருள். நம் பிள்ளைகள் தெருவில் உருட்டி விளையாடும் கோலியும் இதே சொல்தான். ஆனால் இந்தக் கோலி பிள்ளையை விளையாட விடாமல் கிடத்தியது. ஏனெனில் அதில் கலந்திருந்தது அபின்.

பம்பாய் அரசாங்கம் நியமித்த பெண் மருத்துவர் ஒருவரின் அறிக்கை 1922ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆலைகளில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுள் 100க்கு 98 குழந்தைகள் அபின் உண்டவை என்று அது கூறிற்று. இதைப் படித்ததும் அத்தாய்மாரைக் கடிந்துகொள்ளத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அக்காலத்துச் சட்டம் அனுமதித்த வேலை நேரமே நாளொன்றுக்கு 11 மணி. வீட்டில் மூத்த பெண் குழந்தையோ, பார்வை மங்கிய கிழவியோதான் காவல். குழந்தை ஓயாது அழுதால் அதைத் தேற்றுவார் யார்?

இக்கொடுமை நம் நாட்டிற்கே உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலும் இதே கதை நிகழ்ந்தது. அங்கே 'காட்ஃப்ரே கார்டியல்' என்ற அபின் கலந்த இனிப்புப் பாகு மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. அமெரிக்காவில் 1849 முதல் விற்பனையான 'திருமதி வின்ஸ்லோவின் சாந்தப் பாகு' என்பதில் இருந்தது மார்ஃபின். புன்னகை பூத்த தாயும் சேயும் தீட்டிய அழகிய படங்களே அதன் விளம்பரம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, 'சாந்தப் பாகு' என்று எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகிறது. சாந்தம் அடைந்தவர் பெரியோர்; விலை கொடுத்தது குழந்தை.

அபின் இரண்டு வழிகளில் கொன்றது. அளவு சற்று மிகுந்தால் மூச்சு அடங்கிவிடும். மிகாவிட்டாலோ, குழந்தை மயக்கத்திலேயே கிடக்கும், பசித்து அழாது, பாலும் கேட்காது, நாளுக்கு நாள் மெலிந்து மாயும். அத்தகைய மரணங்கள் 'பலவீனம்' என்ற பெயரில் பதிவேட்டில் ஏறின.

அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் புட்டியின் மேல் அபின், மார்ஃபின் ஆகியவற்றின் பெயரை அச்சிடுமாறு கட்டாயப்படுத்தியது. இந்தியாவில், 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் அமைய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. என் மதிப்பில் இந்த இரண்டாவதே பெரிய மருந்து.

குழந்தை ஏன் அவ்வளவு அழுகிறது என்ற வினாவிற்கு அளந்து விடை காண முயன்றவர், பிரேசல்டன் என்னும் அமெரிக்க மருத்துவர். 1962ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்விற்காக, 80 குழந்தைகளின் தாய்மார் அழுகையை நாள்தோறும் குறித்து வைத்தனர். ஆறாவது வார அளவில் அழுகை உச்சத்தை எட்டியது. நாளொன்றுக்குச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம்! அதிலும் மாலை வேளையில் மிகுதி. பின்னர் அது தானே குறைந்தது. பால் குடித்து, துணி மாற்றி, நோயின்றி இருக்கும் குழந்தையும் அழும் என்பதும், அது தாயின் குறையன்று என்பதும் இதனால் தெளிவாயின.

மற்றோர் ஆபத்தும் வெளிச்சத்திற்கு வந்தது. 1971இல் கத்கெல்ச் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவரும், 1972இல் காஃபி என்ற அமெரிக்க மருத்துவரும், சினத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்குவதால் மூளையைச் சுற்றி இரத்தம் கசியக்கூடும் என்று எழுதினர். சிசுவின் தலை கனமானது; கழுத்தோ வலுவற்றது. உலுக்கியவர் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. உறக்கமிழந்து தனித்து நின்றவராக இருந்தால் போதும்.

ஊரையும் உற்றாரையும் விட்டு வந்த நமக்கு இது அந்நியச் செய்தியன்று. தில்லியில் எங்கள் முதற் குளிர்காலம். மனைவிக்குக் காய்ச்சல், பாட்டியோ ஆயிரம் மைலுக்கு அப்பால். நள்ளிரவு கடந்தும் மகள் அழுதாள். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, உடலில் சூடும் இல்லை. திடீரென, அவளைப் பிடித்திருந்த என் விரல்கள் இறுகுவதை உணர்ந்தேன். அஞ்சினேன். அவளைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்தி, முகத்தருகே போர்வையோ தலையணையோ இல்லை என்று பார்த்துவிட்டுத் தாழ்வாரத்தில் போய் நின்றேன். ஐந்து நிமிடம் அவள் அழுதாள். அதனால் அவளுக்கு ஒரு கேடும் விளையவில்லை. காய்ச்சல், வாந்தி, பால் மறுத்தல், எழுப்பினும் எழாத சோர்வு ஆகியவை இருந்தால் மட்டும் தாமதமின்றி மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அதற்குள் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதவருகே வந்துவிட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, "நீ போய்ப் படு, மகனே" என்று இந்தியில் சொன்னார். மகள் அதன் பிறகும் அரை மணி நேரம் அழுதாள். நான் உறங்கிவிட்டேன்.