அச்சத்திற்கு ஓர் அளவுகோல்

மனத்துயரைச் சொல்லால் ஆற்றுவது மாந்தரின் பழைய வழக்கம். 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் அதனை ஒரு மருத்துவ நெறியாக வகுத்தார். வருத்தும் எண்ணத்தை எடுத்துரைக்கச் செய்து, அது மெய்தானா என ஆராய வைப்பது அந்நெறி. அஞ்சுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் பயிற்சியும் சேர்ந்தபோது சிந்தனை நடத்தைச் சிகிச்சை உருவாயிற்று. 1990ஆம் ஆண்டுகளில் பிலிப் கெண்டால் அதனைப் பதற்றமுற்ற சிறார்க்கும் உரியதாக்கினார்.

ஆயினும், ஆட்டிசம் உடைய சிறார் நெடுங்காலம் அவ்வட்டத்திற்கு வெளியிலேயே நின்றனர். 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய லியோ கானர், சூழலில் நேரும் சிறு மாற்றமும் அவர்களைக் கலங்கச் செய்வதை அன்றே குறித்தார். பின்வந்தோர் பலர் பெற்றோரின் அன்புக் குறைவே காரணம் எனப் பழி சுமத்தினர். 1964இல் பெர்னார்டு ரிம்லாண்டு அதனை மறுத்து நூல் எழுதினார். பழி மெல்ல நீங்கியது. குழந்தையின் பதற்றமோ நீங்கவில்லை.

"உன் மனத்தில் என்ன தோன்றுகிறது?" என்னும் வினாவே முதல் தடையாயிற்று. நெஞ்சு படபடப்பதை உணரும் குழந்தை, அதற்கு அச்சம் எனப் பெயரிட அறியாதிருக்கலாம்; உவமையாகச் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மெய்யெனக் கொள்ளலாம். எனவே கருவியை மாற்ற வேண்டியதாயிற்று. அச்சத்தின் அளவு வெப்பமானியாக வரையப்பட்டது. அறிவுரை படமாயிற்று. புகைவண்டியில் நாட்டமுடைய சிறுவனுக்குப் புகைவண்டியே பாடப்பொருளாயிற்று. பெற்றோரும் உடனமர்ந்தனர்.

2005இல் ஆஸ்திரேலியாவில் கேட் சோஃப்ரானாஃப், டோனி அட்வுட் ஆகியோர் 10 முதல் 12 வயது வரையுள்ள 71 சிறாரிடம் இம்முறையை ஆய்ந்தனர். பயிற்சி பெற்றோரின் பதற்றம் குறைந்ததாகப் பெற்றோர் மதிப்பிட்டனர். 2013இல் பிரிட்டனின் நைஸ் நிறுவனம் தன் வழிகாட்டு நெறியில் இம்மாற்றங்களைப் பரிந்துரைத்தது. 2020இல் அமெரிக்காவில் 167 சிறாரிடம் நிகழ்ந்த ஆய்வில், மாற்றாத முறையும் பயன் தந்தது. மாற்றிய முறையோ அதனினும் மிகுந்த பயன் தந்தது.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் பேச வல்ல சிறாரையே கொண்டவை. சொல் குறைந்த குழந்தைக்கு உரிய வழி இன்னும் முழுமை பெறவில்லை. எனினும் இவ்வரலாறு ஆசிரியர்க்கு ஒன்றை உணர்த்துகின்றது: பாடம் மாணவனைச் சென்றடையாதபோது முதலில் சோதிக்க வேண்டியது மாணவனை அன்று, பாடம் சொல்லும் முறையையே.