தேரிமணலும் பிறைக்கற்களும்

மணற்குன்றில் ஏறிச் சறுக்கவும் அந்திவெயிலில் படமெடுக்கவும் கோவையிலிருந்துகூட இப்போது தேரிக்காட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். நாங்களும் அவ்வாறு சென்றவர்களே. திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரியில் மணல் செக்கச்சிவப்பு. பருக்கைகளின்மேல் இரும்பு ஆக்சைடு படிந்ததால் வந்த நிறம்.

கொங்கு நாட்டாருக்கு இம்மணலைப் புரிந்துகொள்வது எளிது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறிந்தவர்கள் அல்லவா நாம்! அதே தென்மேற்குப் பருவக்காற்று, தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து நெல்லைச் சீமையைக் கடந்து கடலை நோக்கி வீசுகிறது. பல்லடத்திலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் ஒன்றே. தேரியைக் குவித்ததிலும் உலைத்ததிலும் அக்காற்றுக்குப் பங்குண்டு.

இந்நிலத்தை வெறும் பொட்டல் என்பவர்கள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். மணலில் இறங்கிய மழைநீர் அங்கே சுனையாக நிற்கிறது. பனையேறிகளின் பல தலைமுறை வாழ்வும் இம்மணலோடுதான் பிணைந்திருந்தது.

பழமையோ அதனினும் நெடிது. புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே தேரிகளை ஆராய்ந்தார். 1956இல் ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் சாயர்புரம், மெஞ்ஞானபுரம் முதலிய தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினர். குவார்ட்ஸிலும் செர்ட்டிலும் செதுக்கிய பிறை வடிவக் கற்கள், இருபுறமும் கொத்திய கூர்முனைகள்; பலவும் விரல்நகத்தைவிடச் சற்றே பெரியவை. தண்டில் பொருத்தி வேட்டைக்குப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பண்டைய கடல்மட்டத்தைக் கொண்டு அவற்றின் காலத்தைச் சுமார் கி.மு. 4000 என்று ஸாய்னர் மதிப்பிட்டார். மணற்பருக்கை கடைசியாக வெயில் கண்ட காலத்தைக் கணிக்கும் ஒளிர்வுமுறை பிற்பாடு வந்தது. மணல் ஒரே காலத்தில் குவிந்ததன்று, பனியுக இறுதி தொட்டுப் பல கட்டங்களில் குவிந்தது என்று அது காட்டியது.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. கருவியின் வயது கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. அது கிடந்த அடுக்கில் இருக்கிறது. கொடுமணலில் ஒரு மணியின் காலத்தை நாம் பேச முடிவதும் அது எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்துவைத்தவர்களால்தான். தேரியில் கையிலெடுத்து வீட்டு அலமாரியில் வைத்த பிறைக்கல், அழகான சில்லு மட்டுமே. மணல் அள்ளும் இயந்திரமோ அடுக்கையே அழித்துவிடும். சுற்றுலா வருபவர் செய்வது சிறிய கேடு, ஆனால் தவிர்க்கக்கூடியது. ஆடிக்காற்று அடங்கியபின் மேல்மணல் விலகி இக்கற்கள் வெளித்தெரியும். கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். கல் அங்கேயே கிடக்கட்டும்.